முதல் கரண்டி

பால் பழக் கிண்ணத்தைக் கருப்பம்மாளிடம்தான் முதலில் நீட்டினேன்.

மணமேடையில் என் மகள் பட்டுச்சேலையில் காத்திருந்தாள். ஈப்போக் கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இவளிடம் என்று என் கணவர் கண்ணால் கேட்டார்.

கருப்பம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்தக் கை நடுங்குகிறது. நரம்பு கெட்டிருக்கிறது, தோட்டத்தில் நாங்கள் ஒன்றாக அடித்த களைக்கொல்லி மருந்தாக இருக்கலாம் என்றாராம் டாக்டர்.

"வேணாம்லா நல்லம்மா. புள்ள சேலைல ஊத்திருவேன். உன் சம்பந்தியம்மா சிரிப்பாங்க."

"ஊத்துனா ஊத்திட்டுப் போவுது. நீ வாடி."

எழுபதாம் வருடத்தில் அந்தக் கை வேறு கை.

பனி காயாத ரப்பர் நிரைகளில், முதுகில் தகர மருந்துத் தோம்போடு, லாலான் களைப்புல்லுக்கு அடித்துக்கொண்டே போவோம். பம்பை இழுக்கிற இடைவெளியில் ரப்பர் கொட்டையை எடுத்துக் குறி தவறாமல் என் பின்மண்டையில் எறிவாள்.

குழாய் முனை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். நின்றால் வேலை வாங்குகிற மண்டோர் கத்துவார். கருப்பம்மாள் முனையைக் கழற்றி, வாயில் வைத்து, 'ப்பூ' என்று ஊதுவாள். துப்பிவிட்டு, நான் நீட்டுகிற என் முனையையும் ஊதித் தருவாள்.

"மகாராணிக்கு வாய் நோவுமோ?"

நிரையே சிரிக்கும். அப்படி வயிறு வலிக்கச் சிரித்த காலம் பிறகு எனக்கு வரவே இல்லை.

கருப்பம்மாள் மேடையேறினாள். கரண்டி கிண்ணத்தில் கடகடவென்று தட்டியது. என் மகள் தானாகவே முகத்தை முன்னால் கொண்டுவந்தாள். பால் பாதி சேலையில் சிந்தியது. பாதி வாய்க்குள் போனது.

யாரும் சிரிக்கவில்லை.

"ஊட்டிட்டேன் பாத்தியா!" என்று அவள்தான் சிரித்தாள்.

குழாய் முனையை அவளிடம் நீட்டிய அந்த நாள்களில் இந்த மகள் என் வயிற்றில் இருந்தாள். தெரிந்தால் மண்டோர் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று கருப்பம்மாளிடம்கூட நான் சொல்லவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரஸ்சருக்கு மட்டும்தான் தெரியும்.

"அந்த மருந்த வாய்கிட்ட மட்டும் கொண்டு போயிராத, தாயி," என்று அவர் கர்ப்பம் தெரிந்த அன்றே சொல்லியிருந்தார்.

நான் கொண்டுபோகவில்லை.