கூட்டிப் போட்ட ஒரு மார்க்

ஜன்னல் வெயில் மேசையில் பாதிவரை வந்திருக்கிறது. அக்கா பென்சிலைத் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டிபோலப் படுக்கவைத்துப் பிடித்து, தாளிலிருக்கும் பெட்டிப் படத்தைப் பார்த்து வரைகிறாள். வயது அறுபத்திரண்டு ஆகிவிட்டது. நினைவாற்றல் குறையவில்லை என்று எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அவளுடைய தையல் வேலை நீடிக்கும். சீருடைக்கு வரும் அறுபது பேருடைய அளவையும் நோட்டைப் பார்க்காமல் சொல்கிறவள் அவள். வரைந்த பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது. "நூறுல ஏழு போனா எவ்வளவும்மா? அதுல இன்னொரு ஏழு?" அக்கா மடியில் விரல்களை மடக்குகிறாள். "கொஞ்சம் பொறுங்க டாக்டரம்மா, இருக்கறது பத்து விரல்தானே." டாக்டர் சிரித்துக்கொண்டே தவறு என்று குறிக்கிறார். "முப்பதுக்குப் பத்தொன்பதும்மா. இருபத்தாறு வேணும். எதுவரைக்கும் படிச்சீங்க?" "மூணாவது." "படிப்பு கம்மின்னா ஒரு மார்க் கூட்டிப்போம். இருபது. அப்பவும் என்னால எழுதித் தர முடியாதே."

அக்கா பென்சிலை மெதுவாக மேசையில் வைக்கிறாள். "எனக்குச் சின்ன வயசுலயே படிப்பு ஏறலம்மா. எங்க வீட்ல இவதான் மூளைக்காரி, காலேஜ் வரைக்கும் போனா" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பெருமையாகக் காட்டுகிறாள். மூன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் அவள். அடுத்த வருடம் என்னைப் பள்ளியில் சேர்ப்பதற்காக அவளைத் தையல் கடையில் உட்கார வைத்தார்கள். அதைச் சொல்ல வாயெடுக்கிறேன். மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்துகிறாள். இப்போது அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. அந்த அறையில் நான் இன்னும் பேசாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.