நேராக நின்ற செடி

தாவரவியல் ஆசிரியன் பெட்டியைத் திறந்தான். செடி நேராக நின்றது.

நிற்கக் கூடாது.

வகுப்பு ஜன்னலோரம் வைத்திருந்த செருப்புப் பெட்டி. ஒரு பக்கம் மட்டும் ஓர் ஓட்டை. உள்ளே காகிதக் கப்பில் முளைத்த பயறு, வெளிச்சத்தைத் தேடி அந்தப் பக்கமாக வளைய வேண்டும். அதுதான் சோதனை. பிளஸ் ஒன் வகுப்பில் மற்ற எல்லோருடைய செடியும் வளைந்திருந்தது.

எப்போதும் முதலிடம் வாங்குகிற ஜெனிட்டாவுடையது வளையவில்லை.

"ஜெனிட்டாவா? ஒரு மாதிரிப் பொண்ணு சார். எதுக்கெடுத்தாலும் அழும். நாளைக்கு அறிவியல் கண்காட்சிக்கு வேற ஆளைப் பாருங்க" என்று காலையிலேயே பொற்கொடி மிஸ் அவனிடம் சொல்லியிருந்தார்.

இப்போது அவள் மேசைக்கு எதிரே நின்றாள். தலை கவிழ்ந்திருந்தது.

"என்னம்மா பண்ணின?"

"கப்பை தெனமும் திருப்பித் திருப்பி வச்சேன் சார்."

"எதுக்கு?"

"ஒரே பக்கமா எட்டிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. கழுத்து வலிக்கும்ல."

"தைலம் தடவி விடு ஜெனி" என்றது கடைசி பெஞ்சு.

வகுப்பு சிரித்தது. அவள் கண்ணீர் மேசைமேல் சொட்டியது.

அவன் சிரிக்கவில்லை. மனைவி இறந்ததிலிருந்து சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை.

ஒரு நாற்காலி நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி நாற்காலி. மனைவி ஒருக்களித்துப் படுத்திருப்பாள். வலி கூடினால் மறுபக்கம் புரளுவாள். அவள் புரளும்போதெல்லாம் அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வருவான். கழுத்தைத் திருப்பி அவள் தன்னைத் தேடக் கூடாது.

"ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா சார்?" என்று நர்ஸ் கேலி செய்வாள்.

எப்படி மறந்தான் இதை.

செடியைப் பார்த்தான். ஒரு பக்கமும் சாயாமல், நிமிர்ந்து, இரண்டு இலைகளையும் விரித்து நின்றது.

"நாளைக்குக் கண்காட்சிக்கு இதையே எடுத்துட்டு வா. வளைஞ்ச செடி எல்லார்கிட்டயும் இருக்கு. திருப்பி வச்சா வளையாதுன்னு காட்டினது நீ மட்டும்தான்."



அவள் நம்பவில்லை. தலை கவிழ்ந்தே இருந்தது.

அவன் எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தான். அவளுக்கு முன்னால் போட்டு, தணிந்து உட்கார்ந்தான்.

இப்போது அவள் நிமிர வேண்டியதில்லை.

"சொல்லு. லீவு நாள்ல எப்படித் திருப்பின?"