மூணு வீட்டுப் பாட்டு

"ஏம்மா, இருபது வீடு கட்டிக் குடுத்திருக்கேன். ரெண்டு வருஷமா நீ மொத மூணு வீட்டுலயே குடியிருக்கே. மிச்சம் பதினேழையும் வாடகைக்கு விட்டுடவா?"

லிஃப்ட் மெக்கானிக் கேட்டது கிடாரைப் பத்தி. பழைய அலமாரிக் கதவை அறுத்து, அவரே இழைச்சு, அவரே ஒட்டுன கிடார். கழுத்துல குறுக்கால பித்தளைப் பட்டைகள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல இருக்கற கட்டம்தான் அவர் பாஷையில வீடு.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. செய்யத்தான் தெரியும். லிஃப்ட் மோட்டார் சத்தத்துலயே காய்ப்புக் காய்ச்சுப்போன காது.

பொண்டாட்டி அதே பாட்டை, அதே மூணு வீட்டுல, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா.

"இது பாட்டா, தாலாட்டா? கேட்டுக் கேட்டு செவுத்துப் பல்லியே தூங்கிடுச்சு."

"எனக்கு இதுதாங்க வருது."

"வாரம் ரெண்டு நாள் கிளாஸுக்குப் போறியே, அங்க என்னதான் பண்றே? கிடாரைக்கூட எடுத்துட்டுப் போறதில்ல. வெறுங்கையை வீசிட்டுப் போனா விரல்ல வித்தையா ஏறும்?"

"கனமா இருக்குங்க."

"காய்கறிப் பை அஞ்சு கிலோ தூக்கறே. இது ரெண்டரை கிலோ. எடை போட்டவனே நான்தான்."

அவ சிரிச்சுக்கிட்டே எழுந்து உள்ள போயிட்டா.

அவரோட அவஸ்தை அவருக்கு. ஞாயித்துக்கெழமை கம்பெனியில குடும்ப விழா. "அலமாரிக் கதவுல கிடாரா? உள்ள துணி மடிச்சு வெக்கலாமா?"ன்னு கேலி பண்ண சூப்பர்வைசர்கிட்ட, "என் சம்சாரம் மேடையில வாசிப்பா, காதைக் குடைஞ்சுட்டு வந்து கேளுங்க"ன்னு வாயை விட்டுட்டார். இந்தத் தாலாட்டோட மேடை ஏறுனா, மானம் தரைத்தளத்தோட நிக்காது. அதுக்கும் கீழ லிஃப்ட் குழிக்குள்ள போயிடும்.

மறுநாள் அவளுக்கு கிளாஸ் இல்ல. கிடாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு நேரா வாத்தியார் முன்னாடி போய் நின்னார்.

"சார், ரெண்டு வருஷமா ஒரே பாட்டு. சொல்லிக் குடுக்கறதுல கோளாறா, கத்துக்கறதுல கோளாறா?"

"நீங்க யாரோட வீட்டுக்காரர்?"

"பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறாளே, கண்ணாடி போட்டுக்கிட்டு..."

"அட, அவங்களா! நான் லீவு போட்டா என் கிளாஸை எடுக்கறதே அவங்கதான் சார். இங்க இருக்கற கிடாரைக் கையில குடுத்தா, விரல் கழுத்து முழுக்க ஓடும்."

"ஓடுமா? எங்க வீட்டுல நகரவே மாட்டேங்குதே!"

வாத்தியார் உறையைப் பிரிச்சார். கிடாரைப் பாத்ததும், "ஓ, இதா?"ன்னார்.

மொத மூணு வீட்டையும் மீட்டினார். இனிச்சுது. அஞ்சாவது, ஏழாவது, பன்னெண்டாவதுன்னு போகப் போக, மெக்கானிக்கோட மோட்டார் காதே கூசிடுச்சு.

"பட்டையை எப்படி அளந்து பதிச்சீங்க?"

"ஒண்ணு பதிச்சதும், அதுலேர்ந்து அளந்து அடுத்தது. அப்படியே வரிசையா."

"அங்கதான் சார் தப்பு. எல்லாத்தையும் கழுத்தோட ஆரம்பத்துலேர்ந்தே அளக்கணும். ஒவ்வொரு பட்டையிலயும் தலைமுடி அளவு பிசகு. அது சேர்ந்து சேர்ந்து, நாலாவது வீட்டுலேர்ந்து சுருதியே போயிடுச்சு."

மெக்கானிக் நாலாவது பட்டையை விரலால தடவிப் பாத்தார்.

"இது... அவளுக்குத் தெரியுமா?"

"மொத நாள் கிளாஸுக்கு இதைத்தான் தூக்கிட்டு வந்தாங்க. வேற வாங்குங்கன்னேன். முடியவே முடியாதுன்னுட்டாங்க. 'மூணு வீட்டைத் தாண்டாத பாட்டா ஒண்ணே ஒண்ணு மொதல்ல சொல்லிக் குடுங்க சார், வீட்டுல அவர் முன்னாடி வாசிச்சுக் காட்டணும்'னாங்க."