கடைசி மருந்து

கொரோனா வேணியை விட்டுவிட்டது. ஆனால் அதோடு சேர்ந்து நுரையீரலில் புகுந்த வேறொரு கிருமி விடுவதாக இல்லை.

"எந்த ஊசிக்கும் அது அசையல," என்றார் டாக்டர் இஃப்பத். "கடைசியா ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. அதுக்காவது அடங்குமான்னு லேபுல பாத்துட்டிருக்காங்க. ஆனா பெரம்பலூர்ல எங்கயும் ஸ்டாக் இல்ல. ஊரடங்கு வேற."

வேணியின் கணவர் கொளஞ்சியப்பன் கைகூப்பினார். "பேரச் சொல்லுங்கம்மா. எங்க இருந்தாலும் கொண்டாந்துடறேன்."

"கோலிஸ்டின்."

அழுதுகொண்டிருந்தவரின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அதுவாம்மா? எங்க வூட்டுலயே மூட்டை மூட்டையா கெடக்குதே!"

டாக்டர் திகைத்துப்போனார். "வேற வழியே இல்லன்னாதாங்க நாங்களே அதைத் தொடுவோம். உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"கோழிப்பண்ணை வச்சிருக்கோம்மா. தீவனத்துல கலந்து போட்டா சீக்கு அண்டாது, எடையும் மளமளன்னு ஏறும். இப்ப தடை பண்ணிட்டாங்க, இது பழைய சரக்கு. வேணிதான் தெனமும் தன் கையால கலப்பா. எங்க கோழி ஒண்ணுகூட தும்முனதில்ல!" அந்த நிலையிலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

அப்போது லேபிலிருந்து போன் வந்தது. டாக்டர் கேட்டுவிட்டு மெல்ல வைத்தார்.

கொளஞ்சியப்பன் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். "ஒரு மூட்டை போதுமாம்மா?"

"வேணாங்க, அதுக்கும் இது அடங்கலையாம்," என்றார் டாக்டர். "அந்த மருந்தத் தின்னுதான் இந்தக் கிருமியும் வளந்திருக்கு."