விருந்தினர் 2

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் திரையில் இரண்டாவது கர்சர் வந்தது. பச்சை நிறம். தலைமாட்டில் ‘விருந்தினர் 2’ என்று இருந்தது.

பெயர் கொடுத்து நுழையும் வசதியை நாங்கள் இன்னும் எழுதவில்லை. யார் வந்தாலும் விருந்தினர்தான்.

ஆனால் நூர் ஃபாத்திஹாதான் வந்திருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம்தான் இந்த வேலையில் என்னோடு சேர்ந்தவள். பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் தன் வீட்டிலிருந்து நான்கு மணிக்குச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாளே, நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பல பேர் ஒரே பக்கத்தில், ஒரே நேரத்தில் தமிழில் எழுதுவதற்கான செயலி அது. ஓப்பன் சோர்ஸ். நிரல் முழுக்க இணையத்தில் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். தொடங்கியது ஹரீஷும் நானும்.

கெடுத்தது நான் மட்டும்.

அவன் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய நிரலை ஒரு சனிக்கிழமை முழுதாகத் தூக்கிவிட்டு என்னுடையதைப் போட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று புக்கிட் மெர்தாஜாமில் அவன் மகளுக்குக் காதுகுத்து. எனக்கும் அழைப்பு வந்திருந்தது. அங்கே போகாமல் இந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தேன்.

அவன் சண்டைகூடப் போடவில்லை. பேசாமல் விலகிக்கொண்டான். ஏழு மாதம் ஆயிற்று.

என் முறை தேறவில்லை. இருவர் சேர்ந்து தட்டினால் போதும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் உடைந்து சிதறின. போன வாரம் வெட்கத்தை விட்டு அவனுடைய நிரலையே திரும்பப் போட்டேன். நேற்று வளர்ச்சிக் குறிப்பில், ஊரே படிக்கும்படி, ‘ஹரீஷின் முறைதான் சரி. தவறு என்னுடையது’ என்று எழுதினேன்.

நேரில் சொல்லத் தைரியமில்லை. படித்துவிட்டு ஒரு வார்த்தை அனுப்பமாட்டானா என்று காலையிலிருந்து கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பச்சைக் கர்சர் ஒரு வரி எழுதியது. நின்றது. அதை அழித்தது. மறுபடி எழுதியது.

திரையில் மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தேன். கொம்பு உடையவில்லை. கால் பிரியவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இருவரும் ஒன்றாக எழுதினால்தானே சோதனை? நானும் தட்டத் தொடங்கினேன். சூலியா தெருவில், சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைக்கு மேலே என் அறை. கீழேயிருந்து மீன் கறி வாசனை வந்துகொண்டிருந்தது. வேறென்ன எழுதத் தோன்றும்? ‘நாசி கண்டார் நாசி கண்டார்’ என்று அந்த வரிகளுக்கு நடுவே அடித்துத் தள்ளினேன்.

பச்சைக் கர்சர் கொஞ்சம் தயங்கும். பிறகு என் நாசி கண்டாரைத் தாண்டிக் கீழே போய் எழுதும். இப்படியே பதினாறு நிமிடம். பக்கம் நிறைந்துவிட்டது.

அடுத்து அழிப்பதைச் சோதிக்க வேண்டும்.

‘போதும். எழுதினது எல்லாத்தையும் அழிச்சிடு. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா’ என்று அடியில் தட்டினேன்.

கர்சர் வெகுநேரம் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போயிற்று. தான் எழுதியதை மட்டும் அழித்தது. முதல் எழுத்தும் போனதும் கர்சரும் மறைந்தது. பக்கத்தில் என் நாசி கண்டார் மட்டும் மிஞ்சியது.

‘அழித்தல்: அருமை’ என்று வளர்ச்சிக் குறிப்பில் சேர்த்தேன். பாராட்டலாம் என்று கைபேசியை எடுத்தபோது ஃபாத்திஹாவே அழைத்தாள்.

“அண்ணே, சோரி. பாலத்துல ஒரே ஜாம் லா, இன்னும் வீட்டுக்கே போய்ச் சேரல. டெஸ்ட்ட அஞ்சு மணிக்கு வச்சுக்கலாமா?”

அந்தப் பக்கத்தின் முகவரி தெரிந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர்.

அழித்ததை மீட்கும் வசதி இன்னும் எழுதப்படவில்லை. வேலைப் பட்டியலில் அது ஒன்பதாவது. அவசரமில்லை என்று அதைக் கீழே தள்ளியவனும் நான்தான்.

ஹரீஷை அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தான். குரலில் கோபமே இல்லை.

“படிச்சிட்டுத்தானேடா அழிக்கச் சொன்ன? பரவால்ல லா.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பதினாறு நிமிடம் அவன் மனம்விட்டு எழுதியதில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை, எழுத்து உடைகிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எந்த வாயால் சொல்வது?

“ம்” என்றேன்.