ஒரு சிட்டிகை மண்

தாம் தயாரிக்கும் எரிபொருளிலேயே மூழ்கிச் செத்துப்போகும் பாக்டீரியாக்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த விஞ்ஞானிக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக மண் போட்ட இந்தக் குடுவையில் மட்டும் பாக்டீரியாக்கள் எரிபொருளுக்குள்ளேயே அமோகமாகப் பெருகியிருந்தன.

"இது எந்த இடத்து மண்ணும்மா?"

"எரிஞ்சுபோன பெயின்ட் கிடங்கு சார். பெயின்ட்ல கலக்குற தின்னர் கொட்டிக் கிடந்த இடம்," என்றாள் அவருடைய உதவியாளரான பெண்.

"சபாஷ்! தின்னர்லயே பிழைச்சது எரிபொருள்லயும் பிழைக்கும். சரியான இடமாப் பார்த்துத் தேடியிருக்கே!"

அவள் கண்கள் நிறைந்தன. ஆனந்தக் கண்ணீர் என்றே அவர் நினைத்தார்.

"நான் பாக்டீரியா தேடிப் போகல சார். என் வீட்டுக்காரர் அங்கதான் வேலை பார்த்தார். உடம்புகூடக் கிடைக்கல. அவர் நின்ன இடத்து மண்ணையாவது வெச்சுக்கலாம்னு அள்ளிட்டு வந்தேன். மனசு கேக்காம, அதுல ஒரு சிட்டிகையை இந்தக் குடுவையில போட்டுப் பார்த்தேன்."



அவள் குடுவையை மெல்லத் தொட்டாள்.

"அங்க ஒரு உயிரும் மிஞ்சலன்னுதான் சார் எங்கிட்ட சொன்னாங்க."