ஆறாம் கட்டில் வாழைப்பழம்

இதில் ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவுமில்லை. எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புருஷன் முகத்திலிருந்து ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றினார்கள்.

"அஞ்சாம் பெட்டுக்கு வேணும்மா" என்றாள் ஜெபக்கனி சிஸ்டர். "இவருக்கு அளவு நல்லாத்தான் இருக்கு."

அளவு என்றது கட்டிலுக்கு மேலே இருந்த திரையை. பச்சை எழுத்தில் தொண்ணூற்றாறு.

விரல் நுனியில் ஒரு கிளிப். ஊசி இல்லை, குத்தல் இல்லை. சிவப்பு வெளிச்சத்தைத் தோல் வழியாக விட்டு, உள்ளே ஓடுகிற ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடுமாம்.

கட்டிலில் கிடந்த அய்யாக்குட்டிக்கோ, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

"டாக்டரய்யா, அவிய மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

டூட்டி டாக்டர் திரையைப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறும்மா. உங்களவிட நல்லா இருக்கார்."

அவளுக்குச் சுருக்கென்றது.

அய்யாக்குட்டியின் கறுப்பு லேசுப்பட்ட கறுப்பு அல்ல. கல்யாண போட்டோவில் பல்லும் பட்டுவேட்டியும் மட்டும்தான் விழுந்தன. மாலை அந்தரத்தில் தொங்கியது. போட்டோக்காரர், தன் பேரில் தப்பில்லை, மாப்பிள்ளைதான் வெளிச்சத்துக்குப் பிடி கொடுக்கவில்லை என்றுவிட்டார்.

பேங்க் வாசல் காவலாளிக்கு மட்டும் இதே தோல் பத்தடிக்கு அப்பாலேயே தெரியும். பையைத் திற என்பான்.

"இந்த வெளிச்சத்த யாரு தோல வச்சுப் பழக்குனாவ?"

டாக்டர் அடுத்த கட்டிலின் சீட்டைப் புரட்டினார்.

"செவத்த தோல வச்சுத்தான? அப்போ எங்காளு தோலுக்குள்ள என்ன நடக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மிஷின் பொய் சொல்லாதும்மா."

சொன்னார் பாருங்கள், அந்த வார்த்தையை.

அவள் கிளிப்பைப் பிடுங்கினாள். மிஷின் கூப்பாடு போட்டது. புருஷனுக்கென்று வாங்கி வந்திருந்த நாட்டுப்பழச் சீப்பில் ஒன்றைப் பிய்த்து, அதன் நுனியில் மாட்டினாள்.

கூப்பாடு நின்றது.

தொண்ணூற்றெட்டு.

டாக்டர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? ஏறியிருக்கு."

ஆறாம் கட்டில் தேறிவிட்டது, வார்டுக்கு மாற்றலாம் என்று உத்தரவானது. சக்கர நாற்காலி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து பழத்தைப் பதமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். குளிருமே என்று காலுக்குப் போர்வை போர்த்தினார்கள். கால் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எண் நன்றாக இருந்தது. அப்புறம் ஆளை எதற்குப் பார்ப்பது?

நாற்காலி லிப்டுக்குள் போய்க் கதவும் சாத்தியாயிற்று.

"பழம் பொழச்சிக்கிட்டுய்யா!" என்று கத்தினாள் அவள். "இனியாவது என் புருசனப் பாருங்க!"

கட்டிடமே அதிர்ந்தது. மூன்றாம் மாடியில் எலும்பு முறிந்து கிடந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அறையிலிருந்த அத்தனை கண்ணும் அப்போதுதான் திரையை விட்டு இறங்கியது.

அய்யாக்குட்டியின் உதடு சாம்பல் பூத்திருந்தது.

டாக்டர் பாய்ந்தார். மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சோதனைக்குப் போன ரத்தம் எண்பத்திரண்டு என்றது. அது எந்தத் தோலுக்குள்ளிருந்து வந்தோம் என்று பார்த்துப் பேசவில்லை.

மாஸ்க் வந்தது. ஒன்றுக்கு இரண்டாக வந்தது. தோள்கள் காதை விட்டு மெல்லக் கீழே இறங்கின.

டூட்டி டாக்டர் அய்யாக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பெரிய டாக்டர் செருப்பில்லாமல் ஓடிவந்து, அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தாம் நின்றார்.

அய்யாக்குட்டி கண்ணைத் திறந்தார். பசித்தது அவருக்கு.

"பழம் ஒண்ணு குறையுதே?"

"அத வார்டுக்கு மாத்தியாச்சு" என்றாள் ஜெபக்கனி சிஸ்டர்.

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நோயாளியின் ஆட்களை விடுவதில்லை. அவளை முதன்முதலாக உள்ளே கூப்பிட்டது மறுநாள், உடலை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க.